இரண்டடி நான்கங்குலம்

கோட்டைக்கல்லாற்றில் அந்தக் கல்வீட்டுக்கு
இரண்டு வாசல், இரண்டு குசினி, ஒரே முகடு.
வர்த்தமானியில் பெயர் வந்த நாளிலிருந்து
ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.
அதனால் கலண்டர்
கதிரையில் உட்கார்ந்திருக்கிறது.

அளவு நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை நேசமலரிடம்.
வெளியே நாற்பத்தாறடி இரண்டங்குலம்.
உள்ளே வடக்குப் பாதி பத்தொன்பதடி,
தெற்குப் பாதியும் அதே.
கரைச்சுவர் இரண்டும் இருபத்திரண்டு அங்குலத் தடிப்பு.
கூட்டினேன்.
வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் கூட்டினேன்.
நாலரை அடியைக் காணவில்லை.

"உன்ர கணக்குப் பிழையில்ல கா," என்றாள்.
"அது அவளுகள் ரெண்டு பேருக்கும் நடுவில கிடக்கு."

கல்லெல்லாம் படுவான்கரைக் கல்.
தோணிக்குப் பதினாறு;
பதினேழாவதை ஏற்றினால் வாவி உள்ளே வரும்.
மட்டி சுட்ட சுண்ணாம்பு.
உற்றுப் பார்த்தால் சாந்துக்குள்
வேகாமல் தப்பிய ஓடொன்று இன்னும் மினுங்கும்.

வீடு பெண்ணுக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம்.
கதிராமப்போடிக்குப் பெண் இரண்டு, வளவு ஒன்று.
நடுவில் சுவர் வைத்தார்.
சாந்து காயும் முன்னே
சுவர் தன் பக்கம் ஒரு சாண் சாய்ந்திருக்கிறதென்றாள் பொன்னாத்தை.
அக்காவின் உலக்கை
தன் நித்திரைக்குள் இடிக்கிறதென்றாள் வெள்ளாத்தை.
போடி ஒன்றும் பேசவில்லை.
இன்னும் பதினொரு தோணிக் கல் இறக்கி
முதல் சுவரைத் தொடாமல்
இரண்டாவது சுவர் எழுப்பினார்.

இடையில் இருப்பது யாருக்கும் எழுதாத சீதனம்.
கதவில்லை, வெளிச்சமில்லை.
அங்கிருந்து பல்லி சொன்னால்
பலன் எந்த வீட்டுக்கென்று
இரண்டு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாம்.

தொண்ணூறாம் ஆண்டு
கூரையால் சரிந்து வந்தது ஒரு ஷெல்.
இரண்டு சுவரையும் துளைத்து,
வெடிக்க மனமில்லாமல்
கிணற்றடியில் போய்ப் படுத்தது.

தூசி அடங்க,
ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம்: புஸ்பராணி.
இந்தப் பக்கம் நேசமலர்,
மடியில் பிள்ளை, அடுப்பில் நெருப்பில்லை.
மறுகா ஒரு பலகை வந்தது
இருட்டுக்குக் குறுக்கே.
பலகையில் சோற்றுப்பானை.
அகப்பைக் காம்பால் தள்ளிவிட்டு
"உப்புப் பார்" என்றாளாம்.
அறுபத்தொரு வருஷத்தில்
அந்த வீடு தனக்குள் பேசிய முதல் சொல்.

என் கையில் திணைக்களத்து அறிக்கை.
பதினோராம் பக்கம்:
நடுச்சுவரில் யுத்தச் சேதம்.
மூல நிலைக்கு மீட்கப்பட வேண்டும்.

மூல நிலை என்றால் போடி கட்டி முடித்த ஆண்டு.
அந்த ஆண்டென்றால் அந்தக் கோபம்.
கல்லுக்குப் பாதுகாப்பு எழுதியவர்கள்
அதற்கும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
பதின்மூன்று அங்குலம் கல்,
இரண்டடி நான்கங்குலம் இருட்டு,
மீண்டும் பதின்மூன்று அங்குலம் கல்.
கணக்கு முடிந்தது.
குறுக்கே பலகை கிடக்கிறது,
நடுவில் வழவழவென்று தேய்ந்து,
ஓரத்தில் நேற்றைய கணவாய்க் குழம்பு.

நாடாவை உள்ளே விட்டேன்.
அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

படம் வரைவதற்கு விதி உண்டு:
சேதத்துக்குப் புள்ளிக் கோடு,
வாசலுக்கும் ஜன்னலுக்கும் தொடர் கோடு.
புள்ளியிட்டால் மேசன் வருவான், சாந்தோடு.
பென்சிலைச் சீவினேன்.
சீவியதையே இன்னொரு தரம் சீவினேன்.
பிறகு அடிமட்டத்தை வைத்து
நிறுத்தாமல் இழுத்தேன்.

உயரம்: ஒன்றரை அடி.
அகலம்: ஒரு சோற்றுப்பானை.

கொழும்பில் கேட்பார்கள்.
என்ன சொல்வதென்று இன்னும் தெரியாது.
சுவருக்குள்ளிருந்து குரல் கேட்கிறது,
"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு கா?"
நாடாவின் அந்த முனையை
அவள் இன்னும் விடவில்லை.